மறதிநோய்ப் பராமரிப்பும் தன்னார்வலர் துணையும்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உடைய ஒருவர் மருத்துவரின் முன் அமரும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய நாளெல்லாம் அவர் தம் வீட்டில்தான் வாழ்கிறார். அவரைக் குளிக்கச் செய்வது, உணவு உண்ணச் செய்வது, நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியேறாமல் காப்பது, ஒரே கேள்விக்கு ஒரே நாளில் பலமுறை விடை சொல்வது ஆகிய அனைத்தும் குடும்பத்தாரின் பொறுப்பாகின்றன. பெரும்பாலான வீடுகளில் அவை ஒரே ஒருவரின் தோளில் விழுகின்றன.

அத்தகைய குடும்பத்திற்குத் தம் ஊரிலிருந்தே கிடைக்கக்கூடிய ஒரு துணையைப் பற்றியது இப்பாடம். தன்னார்வலர்கள் நடத்தும் உள்ளூர் அமைப்புகள் எவ்வாறு தோன்றின, அவை எவற்றைச் செய்யும், எவற்றைச் செய்யா, அவற்றின் உதவியை ஏற்கக் குடும்பம் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

நோயின் இயல்பு

முதுமையில் பெயரோ பொருள் வைத்த இடமோ சற்று நேரம் நினைவுக்கு வராமற்போவது பலருக்கும் நேர்வது. மறதிநோய் அதனின்றும் வேறுபட்டது. மூளையின் நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதைவதால் நினைவாற்றலோடு மொழி, காலம் இடம் பற்றிய உணர்வு, முடிவெடுக்கும் திறன், அன்றாடச் செயல்களைச் செய்யும் ஆற்றல் ஆகியனவும் குறைகின்றன. நெடுங்காலம் சமைத்துப் பழகிய ஒருவர் குழம்பு வைக்கும் முறையின் வரிசையை மறப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இது ஒரே நோயன்று. பல நோய்களின் பொதுப்பெயர். அவற்றுள் அல்சைமர் நோயே மிகுதி. உலகில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

பெரும்பாலான மறதிநோய்களை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றில்லை. சில மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கின்றன. ஆகவே நோயுற்றவரின் நாள் நல்ல நாளாக அமைவது பெரிதும் பராமரிப்பைச் சார்ந்தது. பராமரிப்போ, பராமரிப்பவரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் சார்ந்தது.

பராமரிப்பவரின் நிலை

மறதிநோய் உடையவரைப் பராமரிக்கும் உறவினர் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரத்தை அதற்கெனச் செலவிடுகின்றனர் என்றும், பராமரிப்பு நேரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெண்களுடையது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் வீடுகளில் அவர் மனைவியாகவோ, மகளாகவோ, மருமகளாகவோ இருப்பார். கணவரைத் தனியே விட இயலாமையால் தம் கண்புரை அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் மனைவியர் உள்ளனர். தம் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளாத மகள்கள் உள்ளனர். திருமணம், கோயில், உறவினர் வீடு என எங்கும் செல்லாமல் நின்றுபோனவர்களும் உள்ளனர்.

பராமரிப்பவர் நோயில் விழுந்தால் அவ்வீட்டில் நோயாளர் இருவராவர். பார்த்துக்கொள்வார் ஒருவரும் இரார். எனவே பராமரிப்பவருக்கு ஓய்வு கிடைப்பதும் நோயுற்றவருக்கான சிகிச்சையின் ஒரு பகுதியே. அந்த ஓய்வு வெளியிலிருந்து ஒருவர் வந்து உடனிருந்தாலன்றிக் கிடைப்பதில்லை.

குடும்பங்கள் தொடங்கிய அமைப்புகள்

மறதிநோய்க்கான சங்கங்கள் பலவும் நோயுற்றோரின் குடும்பத்தாரும் அவர்களுக்கு உறுதுணையாயிருந்த மருத்துவர்களும் கூடித் தொடங்கியவை. பிரித்தானியாவின் அல்சைமர் சங்கம் 1979இல் தோன்றியது. பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் பன்னாட்டு அல்சைமர் கூட்டமைப்பு 1984இல் அமைந்தது. செப்டம்பர் 21ஆம் நாளை உலக அல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் 1994இல் தொடங்கியது.

இந்தியாவில் 1992ஆம் ஆண்டு கேரளத்தில், மருத்துவர் ஜேக்கப் ராய் அவர்களின் முயற்சியால், அல்சைமர் மற்றும் அதனைச் சார்ந்த நோய்களுக்கான இந்தியச் சங்கம் நிறுவப்பட்டது. இன்று அதற்குச் சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் கிளைகள் உள்ளன.

நெதர்லாந்தின் லைடன் நகரில் 1997இல் உளவியலாளர் பேரே மீசென் ‘அல்சைமர் கஃபே’ என்னும் எளிய ஏற்பாட்டைத் தொடங்கினார். நோயுற்றவரும் குடும்பத்தாரும் மாதந்தோறும் ஒரு மாலையில் கூடி, காப்பி அருந்தி, நோயின் ஒரு கூறு பற்றிக் கேட்டு, தம்முள் உரையாடிக் கலைவர். பின்னர் பல நாடுகளிலும் தன்னார்வலர்கள் இத்தகைய கூட்டங்களைத் தொடங்கினர். ஜப்பானில் 2005 முதல், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயிற்சியின் மூலம், பொதுமக்கள் மறதிநோய் ஆதரவாளர்களாக்கப்படுகின்றனர். கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளி மாணவர் எனப் பயிற்சி பெற்றோர் தொகை ஒரு கோடியைக் கடந்துள்ளது. வழிதவறி நிற்கும் முதியவரை அணுகி அன்புடன் பேசத் தெரிந்தவர்கள் தெருவெங்கும் இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கோவாவில் கிடைத்த படிப்பினை

இத்தகைய துணையால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்வி எழும். அதற்கு நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ஆய்வு ஒன்று விடை தருகிறது. கோவா மறதிநோய்ச் சங்கமும் சங்காத் என்னும் மனநலத் தொண்டு நிறுவனமும் இணைந்து நடத்திய வீட்டுப் பராமரிப்புத் திட்டம் அது. அதன் முடிவுகள் 2008இல் வெளியாயின.

அத்திட்டத்தில் வீடுகளுக்குச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர், செவிலியரும் அல்லர். மேல்நிலைப் பள்ளிக் கல்வி முடித்து, கொங்கணி மொழி பேசும் உள்ளூர் மக்களே ஒரு வாரப் பயிற்சி பெற்று அப்பணியைச் செய்தனர். மனநல மருத்துவர் ஒருவர் அவர்களுக்குப் பின்னின்று வழிகாட்டினார். அவர்கள் ஆறு மாத காலம், இரு வாரத்திற்கு ஒருமுறையேனும் வீட்டிற்குச் சென்று, நோயைப் பற்றி விளக்கினர். கடினமான நடத்தைகளைக் கையாளும் வழிகளைக் கற்பித்தனர். பராமரிப்பவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டனர். மொத்தம் 81 குடும்பங்கள் பங்கேற்றன. ஒரு பகுதியினருக்கு உடனேயும் மற்றையோருக்கு ஆறு மாதங்களுக்குப் பின்னரும் இவ்வுதவி வழங்கி, இரு பிரிவினரும் ஒப்பிடப்பட்டனர்.

உதவி பெற்ற பிரிவில் பராமரிப்பவரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. நோயுற்றவரின் நடத்தையால் அவர்கள் அடைந்த மனத்துயரும் குறைந்தது. நோயுற்றவரின் நடத்தையிலும் செயல்திறனிலும் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் காணப்படவில்லை. நோய் ஏறக்குறைய முன்போலவே இருந்தும், அதனுடன் வாழ்பவரின் துயரம் குறைந்தது என்பது இதன் பொருள். தன்னார்வலர் துணையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இதுவே. நோயைக் குறைப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் எஞ்சும். சுமையைப் பகிர்வார்கள் என்று எதிர்பார்த்தால் அது நிறைவேறும்.

தன்னார்வலர் செய்வனவும் செய்யாதனவும்

நல்ல அமைப்பு ஒன்றின் பணிகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உடனிருத்தல். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், குறித்த ஒருவரே வந்து இரண்டு மணி நேரம் நோயுற்றவருடன் இருப்பார். பழைய படங்களைப் பார்த்தல், வானொலிப் பாடல் கேட்டல், பூத்தொடுத்தல், கீரை ஆய்தல், துணி மடித்தல், முற்றத்தில் நடத்தல் என அவருக்குப் பழகிய செயலில் துணையிருப்பார். அந்நேரம் பராமரிப்பவருக்கு உரியது. அவர் மருத்துவரிடம் செல்லலாம், உறங்கலாம்.

இரண்டாவது, பராமரிப்போர் கூட்டம். மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் கண்ட வழியை மற்றவர் கற்பர். குளிக்க மறுப்பவரை எவ்வாறு இசையச் செய்வது என்பதை, அதே இடரைக் கடந்த இன்னொரு மகள் சொல்லும்போது அது எளிதில் மனத்தில் பதியும்.

மூன்றாவது, பகல்நேர மையம். நோயுற்றோர் சிலர் ஒன்றுகூடி, பாட்டு, எளிய உடற்பயிற்சி, உணவு ஆகியவற்றோடு பகற்பொழுதைக் கழிப்பர். இதற்கு இடமும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டுமாதலால் எல்லா அமைப்புகளாலும் இதனை நடத்த இயலாது.

நான்காவது, வழிகாட்டல். எந்த மருத்துவமனையில் எந்த நாளில் நினைவாற்றல் பரிசோதனை நடைபெறுகிறது, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, எந்தப் படிவத்துடன் எந்த ஆவணத்தை இணைப்பது என்பனவற்றைச் சொல்லி, தேவையெனில் உடன் வருவர்.

அவர்கள் செய்யாதனவற்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக அறிந்துகொள்க. தன்னார்வலர் மருந்தின் அளவை மாற்றமாட்டார்; ஊசி போடமாட்டார். வீட்டுப் பணம், வங்கி அட்டை, சொத்துப் பத்திரம் ஆகியவற்றைக் கையாளமாட்டார். எந்தத் தாளிலும் நோயுற்றவரின் கையொப்பம் பெறமாட்டார். வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசமாட்டார். இவ்விதிகளை எழுத்தில் வைத்திராத அமைப்பிடமும், தன்னார்வலரின் பின்னணியை விசாரியாமல் வீட்டிற்கு அனுப்பும் அமைப்பிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அடையாள அட்டையைக் கேட்பதும், பொறுப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெற்றுக்கொள்வதும் மரியாதைக் குறைவு ஆகா.

குடும்பம் செய்யவேண்டிய ஆயத்தம்

தன்னார்வலர் வருமுன் ஒரு பக்க அளவில் ‘வாழ்க்கைக் குறிப்பு’ ஒன்றை எழுதி வையுங்கள். அதில் நோயைப் பற்றி எழுதவேண்டுவது குறைவு. மனிதரைப் பற்றி எழுதவேண்டுவது மிகுதி. அவரை எப்படி அழைத்தால் மகிழ்வார், எவ்வூரில் பிறந்தார், என்ன தொழில் செய்தார், எந்தப் பாடல் பிடிக்கும், காப்பியா தேநீரா, எந்தப் பேச்சு அவரை வருத்தும், எது அச்சமூட்டும் என்பவற்றைக் குறியுங்கள். முப்பது ஆண்டு பள்ளியாசிரியராய் இருந்தவரை ‘ஐயா’ என்று அழைத்து, ஒரு பாடத்தை விளக்கக் கேட்பவர் அவருடைய நம்பிக்கையை விரைவில் பெறுவார்.

முதல் இரண்டு மூன்று வருகைகளின்போது நீங்களும் வீட்டிலேயே இருங்கள். முதல் நாள் உடன் அமர்ந்து பேசுங்கள். அடுத்த முறை அடுத்த அறைக்குச் செல்லுங்கள். அதன்பின் அருகிலுள்ள கடைவரை சென்று திரும்புங்கள். புதிய முகம் பழகிய முகமாக இவ்விடைவெளி வேண்டும். புறப்படும்போது உங்களை எட்டும் தொலைபேசி எண், மருத்துவரின் பெயர், ஒவ்வாத உணவு, விழுங்குவதில் உள்ள இடர், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

நோயுற்றவருடன் பேசும் முறை வீட்டாருக்கும் வருபவருக்கும் ஒன்றாக இருத்தல் நன்று. முகத்திற்கு நேரே அமர்ந்து, சிறு வாக்கியத்தில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். ‘நான் யார் தெரிகிறதா?’ என்று சோதிக்காதீர்கள். ‘உங்கள் மகள் கமலா வந்திருக்கிறேன்’ என்பது போல நீங்களே சொல்லிவிடுங்கள். என்றோ மறைந்த தாயை அவர் தேடினால், இறப்பை மீண்டும் மீண்டும் நினைவூட்டுவது ஒவ்வொரு முறையும் புதிய துயராகும். ‘அம்மாவை நினைத்துக்கொண்டீர்களா? அம்மா செய்யும் சமையலில் உங்களுக்கு எது பிடிக்கும்?’ என்று அந்த ஏக்கத்தின் பக்கம் பேச்சைக் கொண்டு செல்லலாம்.

தடுக்கும் தயக்கங்கள்

உதவி அருகில் இருந்தும் பல குடும்பங்கள் அதனை நாடுவதில்லை. அவற்றின் காரணங்களை வெளிப்படையாகப் பேசுதல் நலம்.

‘பெற்ற தாயைப் பிறர் கையில் ஒப்படைப்பதா?’ என்பது ஒன்று. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் உடனிருப்பதால் தாய் பிறர் கைக்குப் போய்விடுவதில்லை. உறங்கி எழுந்த மகளின் கையில் மாலை உணவு உண்ணும் தாய்க்கு, களைத்துச் சினந்த கையைக் காட்டிலும் அது நல்லது. கூட்டுக்குடும்பங்களில் இப்பணியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். இன்று வீட்டில் ஆள் குறைந்துள்ளது. பகிர்வதற்கு வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். வேறுபாடு அவ்வளவே.

‘ஊரார் என்ன சொல்வார்கள்?’ என்பது மற்றொன்று. மறதிநோயைப் பித்து என்றும், முன்வினைப் பயன் என்றும் பேசுவார் இன்னும் உள்ளனர். மூளையில் ஏற்படும் நோய் யாருடைய குற்றமும் அன்று. ஜப்பானிய அரசு 2004இல் இந்நோய்க்கு அதுவரை வழங்கிய, இழிவுப் பொருள் தரும் சொல்லை நீக்கி, ‘அறிதல் திறன் குறைபாடு’ எனப் பொருள்படும் புதிய சொல்லை வழக்கில் கொணர்ந்தது. நாமும் நம் வீட்டில் பேசும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். அண்டை வீட்டாருக்கு நோயைப் பற்றிச் சொல்லிவைப்பதில் ஒரு பாதுகாப்பும் உண்டு: அவர் தனியே தெருவில் நடந்து சென்றால் அழைத்துவர ஒருவர் இருப்பார்.

‘நான் செய்வதுபோல் இன்னொருவர் செய்யமாட்டார்’ என்பது மூன்றாவது. இது உண்மையே. அவர் வேறு விதமாகச் செய்வார். அந்த இரண்டு மணி நேரத்திற்கு அது போதும்.

நோயுற்றவரின் விருப்பம்

உதவி யாருக்காக வருகிறதோ அவரைக் கேளாமல் ஏற்பாடு செய்வது முறையன்று. நோயின் தொடக்க நிலையில் உள்ளவர் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல வல்லவர். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டீன் பிரைடன் 1995இல், தம் 46ஆம் வயதில், மறதிநோய் உடையவராக அறியப்பட்டார். அதன் பின்னரும் நூல்கள் எழுதி, மேடைகளில் பேசி, 2003இல் பன்னாட்டு அல்சைமர் கூட்டமைப்பின் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். நோயுடன் வாழும் ஒருவர் அக்குழுவில் அமர்ந்தது அதுவே முதன்முறை. எங்களைப் பற்றிய முடிவுகளை எங்களோடு எடுங்கள் என்பதே அவரைப் போன்றோரின் வேண்டுகோள்.

நோய் முதிர்ந்து சொல் குன்றிய நிலையிலும் முகமும் உடலும் பேசும். தன்னார்வலர் வரும்போது அவர் புன்னகைக்கிறாரா, முகம் திருப்புகிறாரா, வருகைக்குப் பின் அமைதியாக உறங்குகிறாரா, கலக்கமுறுகிறாரா என்று கவனியுங்கள். தொடர்ந்து கலக்கம் தென்பட்டால் வேறு ஒருவரை அனுப்புமாறு அமைப்பைக் கேட்பதில் தவறில்லை.

மருத்துவமனைக்கு விரையவேண்டிய நேரம்

சில மாற்றங்களைத் தன்னார்வலரிடமோ பராமரிப்போர் கூட்டத்திலோ சொல்லிக் காத்திருத்தல் ஆகாது. ஓரிரு நாளில், அல்லது சில மணி நேரத்தில், குழப்பம் திடீரென மிகுந்தால் அது மறதிநோயின் இயல்பான போக்கு அன்று. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, கடும் மலச்சிக்கல், புதிய மருந்தின் விளைவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். அவற்றுள் பலவற்றைக் குணப்படுத்த இயலும். விழுந்து தலையில் அடிபடுதல், முகமோ கைகாலோ ஒருபக்கம் தளர்தல், வலிப்பு, உணவோ நீரோ விழுங்க இயலாமை, வழக்கத்திற்கு மாறான உறக்கம் ஆகியன ஏற்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அவசர ஊர்திக்கு 108ஐ அழையுங்கள்.

பராமரிப்பவருக்கும் எச்சரிக்கைக் குறிகள் உண்டு. உறக்கமின்மை, காரணமின்றி அழுகை, நோயுற்றவரைக் கையோங்கத் தோன்றும் சினம், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவற்றை மறைத்து வைக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது உங்களுக்காகவும் மருத்துவரிடம் சில நிமிடம் கேளுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமாயின் அதுவரை காத்திராமல், 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவி மையத்தை எந்நேரமும் அழையுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

அமைப்பு இல்லாத ஊரில்

உங்கள் ஊரில் இத்தகைய அமைப்பு இல்லையெனில், அது இருக்கவேண்டும் என்பதற்காக நிதியும் கட்டடமும் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மூன்று குடும்பங்கள் போதும். மாதத்தில் ஒரு நாள், ஒரு வீட்டுக் கூடத்திலோ நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒன்றரை மணி நேரம் கூடுங்கள். முதல் அரைமணி ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள்: குளியல், உணவு, இரவுறக்கம் என ஒவ்வொரு மாதமும் ஒன்று. அடுத்துத் தேநீர். பின்னர் அவரவர் இடர்களைச் சொல்லுங்கள். செவிலியர் ஒருவரோ சமூகப்பணியாளர் ஒருவரோ அவ்வப்போது வந்து ஐயம் தீர்க்குமாறு அருகிலுள்ள மருத்துவமனையைக் கேளுங்கள்.

கூட்டம் நிலைபெற்ற பின், ஓய்வுபெற்ற ஆசிரியர், அஞ்சல் ஊழியர், கல்லூரி மாணவர் போன்றோரைத் தன்னார்வலராகச் சேர்க்கலாம். தம் வீட்டில் இந்நோயைக் கண்டு, உறவினரை இழந்தபின் பிறருக்கு உதவ முன்வருவோரும் உண்டு. தொடக்கத்தில் அளவாக வாக்களியுங்கள். வாரம் மூன்று முறை வருவதாகச் சொல்லி இடையில் நின்றுவிடுபவரைக் காட்டிலும், இரு வாரத்திற்கு ஒருமுறை தவறாமல் வருபவர் அக்குடும்பத்திற்குப் பயன்படுவார்.

குடும்பத்தோடு எண்ணிப் பார்க்க

இவ்விதழைப் படித்தபின் வீட்டில் ஒன்றாக அமர்ந்து கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

1. நம் வீட்டில் பராமரிப்பின் பெரும்பகுதியைச் செய்பவர் யார்? அவர் கடைசியாகத் தம் உடலைப் பரிசோதித்துக்கொண்டது எப்போது?

2. அவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதை எதற்குப் பயன்படுத்த விரும்புவார்?

3. நோயுற்றவரின் வாழ்க்கைக் குறிப்பில் முதல் மூன்று வரிகளாக எவற்றை எழுதுவோம்? அவரையே கேட்டு எழுத இயலுமா?

4. நோயைப் பற்றி நாம் இன்னும் சொல்லாத அண்டை வீட்டார் யார்?

இரண்டாம் கேள்வியைப் பராமரிப்பவரிடமே விட்டுவிடுங்கள். விடை சொல்ல அவருக்குச் சற்று நேரமாகலாம். நெடுநாளாக எவரும் அவரை அவ்வாறு கேட்டிருக்கமாட்டார்கள்.